ஹிமா: யாருக்காகக் காக்கப்பட்ட நிலம்?

அறியாமைக் கால அரபகத்தில் தஃலிப் குலத்தின் தலைவனாக விளங்கியவன் குலைப் இப்னு ரபீஆ. நல்ல மேய்ச்சல் நிலத்தைக் கண்டால் அங்கு ஒரு நாயைக் குரைக்கச் செய்து, அவ்வோசை எட்டும் எல்லைவரை தனக்கே உரியதென அறிவித்துவிடுவது அவனது வழக்கம். இவ்வாறு பிறர் நுழையாதபடி ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு 'ஹிமா' என்று பெயர். குலைபின் ஹிமாவில் முட்டையிட்டிருந்த வானம்பாடி ஒன்றுக்கு அவன் அடைக்கலம் அளித்திருந்தான். பஸூஸ் என்னும் பெண்மணியின் பாதுகாப்பிலிருந்த ஒட்டகம் அம்முட்டைகளை மிதித்துவிட, அதன் மடியில் அம்பெய்தான். அதற்குப் பழியாக அவனே கொல்லப்பட்டான். பக்ர், தஃலிப் என்னும் இரு உறவுக் குலங்களும் நாற்பதாண்டுகள் பொருதின என்று அரபுக் கதைமரபு கூறுகிறது.

இக்கதையில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது வேறு ஆய்வு. ஒரு சிறு பறவை இங்கே காக்கப்பட்டது. ஆனால் அக்காவலுக்கு அடிப்படை ஒரு மனிதனின் ஆணவம். அவன் வீழ்ந்ததும் காவலும் வீழ்ந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்நிறுவனத்தை அழிக்கவில்லை. அதன் உரிமையாளரை மாற்றினார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்குமே உரியது என்று அவர்கள் அறிவித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். குலத்தலைவர்களின் தனியுரிமை அத்துடன் முடிந்தது. மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஃ பள்ளத்தாக்கு முஸ்லிம்களின் பொதுத் தேவைக்கான குதிரைகளுக்கென ஒதுக்கப்பட்டது. மதீனா நகரமோ இரு கரும்பாறை வெளிகளுக்கிடையே 'ஹரம்' ஆயிற்று. அங்கே வேட்டையாடுதல் தடுக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் பறவை ஒன்றைப் பிடித்திருந்தவரின் கையிலிருந்து அதை வாங்கிப் பறக்கவிட்டார்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்கிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸரஃப், ரபதா ஆகிய இடங்களையும் ஹிமாவாக்கினார்கள். காவலராக நியமிக்கப்பட்ட ஹுனை என்பவருக்கு அவர்கள் இட்ட கட்டளை நம் கவனத்துக்குரியது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய எளியவரை உள்ளே விடும்படியும், உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தவிர்க்கும்படியும் கூறினார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குத் தோப்பும் வயலும் உண்டு; ஏழையின் கால்நடை மடிந்தால் அவர் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாசலுக்குத்தான் வருவார் என்பது அவர்கள் தந்த விளக்கம். மதிப்புக்குரிய தோழர்களே ஆயினும் சலுகை இல்லை. பிற்காலத்தில் இமாம் மாவர்தீ (ரஹ்) தமது 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் ஹிமாவைத் தனி இயலாக ஆராய்ந்தார்கள்.

இம்மரபு அரபுத் தீபகற்பத்தில், குறிப்பாகத் தாயிஃப், அஸீர் மலைப்பகுதிகளில், நூற்றாண்டுகளாக நிலைத்திருந்தது. சில ஹிமாக்களில் வறட்சிக் காலத்தில் மட்டும் மேய்க்கலாம். சிலவற்றில் புல்லை அறுத்துச் செல்லலாம், கால்நடையை விடலாகாது. சில தேனீ வளர்ப்புக்கென ஒதுக்கப்பட்டவை. 1953ஆம் ஆண்டின் சவூதி அரசாணை குலங்களின் தனிக்காவலை நீக்கி மேய்ச்சல் நிலங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. நோக்கம் சமத்துவமே. எனினும், காவலர் இல்லாத பொதுநிலம் வலிமையுள்ளவரின் மந்தைக்கே இரையாயிற்று. பல ஹிமாக்கள் அழிந்தன. 1960களின் பிற்பகுதியில் எகிப்திய மேய்ச்சல்நில அறிஞர் உமர் தர்ராஸ் சிரியாவில் இம்முறையைக் கூட்டுறவு வடிவில் மீட்க முயன்றார்.

பறவைகளுக்காக ஹிமா மறுபிறப்பு எடுத்தது லெபனானில். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே செங்கடல் - பிளவுப் பள்ளத்தாக்கு வழியாக நாரைகள், கூழைக்கடாக்கள், கழுகுகள் என 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெரும்பறவைகள் வலசை போகின்றன. லெபனானின் வான்வெளியில் அவற்றைத் துப்பாக்கிகள் எதிர்கொண்டன. சட்டம் இருந்தும் வேட்டை ஓயவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1984இல் தோன்றிய லெபனான் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2004 முதல் வேறொரு வழியை மேற்கொண்டது. தெற்கே இபில் அஸ்ஸகீ என்னும் ஊரிலும், அடுத்துப் பிகா பள்ளத்தாக்கின் கஃபர் ஸபத், அன்ஜர் ஊர்களிலும் உள்ளூராட்சி மன்றங்களே தம் நிலத்தை ஹிமாவாக அறிவித்தன. காவலர்கள் அவ்வூர் மக்கள். சுற்றுலாவும் உள்ளூர் விளைபொருள் விற்பனையும் அவர்களுக்கே வருவாய். கஃபர் ஸபத் - அன்ஜர் சதுப்புநிலமும் அதைச் சூழ்ந்த பகுதியும் உலகில் அரிதாகிவரும் சிரியச் செரின் என்னும் சின்னஞ்சிறு மஞ்சள் பறவைக்குப் புகலிடம். இன்று இத்தகைய ஹிமாக்கள் இருபதுக்கும் மேல். இம்முயற்சியை வழிநடத்திய அஸ்அத் ஸர்ஹால் 2018இல் ஜப்பானின் மிதோரி பல்லுயிர்ப் பரிசைப் பெற்றார்.

அன்ஜர் ஆர்மீனியக் கிறிஸ்தவர்களின் ஊர் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். இஸ்லாமிய மரபில் வளர்ந்த ஒரு நீதிமுறையை அயலாரும் தமதாக ஏற்றிருக்கின்றனர். அதன் பயன் பொதுவாயிருப்பதே காரணம்.

குலைபின் வானம்பாடியும் காக்கப்பட்டதுதான். ஆனால் அது அவனுக்காகக் காக்கப்பட்டது. அன்ஜரின் செரினை ஓர் ஊரே காக்கிறது. நம் ஊர்களின் பொதுக் குளத்துக்கும் புறம்போக்குக்கும் வேலியிட முற்படும்போதெல்லாம், ஹுனைக்கு இடப்பட்ட கட்டளையை நினைவிற் கொண்டு நாம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த வேலி யாருக்காக?