மெக்காலே விளக்கம் எழுதாத பிரிவு

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீர்கேடு, நம் மண்ணில் இருந்ததே இல்லை என்று. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அன்று இரவு பத்து மணிக்குப் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். யாரென்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். "சார், நீங்க ஹிஸ்டரி வாத்தியார்தானே? அதுல போட்டிருக்கிறது உண்மையா?" என்றான். ஏன் கேட்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. "எழுதறேன்டா" என்று சொல்லி வைத்தேன்.

1835 என்றதும் என்னிடம் படித்தவர்களுக்கு மெக்காலேயின் கல்விக் குறிப்பு நினைவுக்கு வர வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்வி. அதே ஆண்டு நவம்பரில் லண்டன் நியூகேட் சிறை வாசலில் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இரண்டு ஏழைகளைத் தூக்கிலிட்டார்கள். வாடகை அறையில் அவர்கள் ஒன்றாக இருந்ததை வீட்டுக்காரர் சாவித் துவாரம் வழியாகப் பார்த்தார். அவ்வளவுதான் குற்றம். தண்டித்த சட்டத்தின் மூலம் எட்டாம் ஹென்றி 1533இல் போட்டது. ஆமாம், ஆறு பேரைக் கல்யாணம் செய்த அதே ராஜாதான்! இந்தக் குற்றத்துக்காக இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட கடைசி இருவர் இவர்கள். பிரான்ஸோ 1791லேயே இதைக் குற்றப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டது.

அந்த இங்கிலாந்திலிருந்து வந்த மெக்காலேதான் இந்தியாவுக்குத் தண்டனைச் சட்டம் எழுதும் குழுவின் தலைவர். 1837இல் வரைவு தயாரானது. சட்டத்தை உதாரணங்களோடு விளக்கி எழுதுவதில் மனிதர் சூரர். ஆனால் இந்தக் குற்றத்துக்கு வந்தபோது மட்டும், இதைப் பற்றி விவாதம் எழுவதே ஒழுக்கத்துக்குக் கேடு என்று விளக்கம் எழுத மறுத்துவிட்டார். 1860இல் சட்டம் நிறைவேறியபோது அவர் உயிரோடு இல்லை. அதில் 377ஆம் பிரிவு: இயற்கைக்கு மாறான உறவுக்கு ஆயுள் தண்டனை வரை. எது இயற்கை, எது மாறு என்று ஒரு வரி விளக்கம் கிடையாது.

வந்தது இந்தச் சட்டம்தான். மனிதர்கள் அதற்கு முன்பும் இங்கே இருந்தார்கள். காமசூத்திரம் அவர்களைப் பற்றிப் பேசுகிறது. மனுஸ்மிருதியும் பேசுகிறது, ஆணோடு கூடிய ஆணை உடுத்திய துணியோடு முழுகச் சொல்கிறது. பெண்கள் விஷயத்தில் கொடுமையான தண்டனையும் சொல்கிறது. அதனால் வெள்ளைக்காரன் வரும்வரை எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இல்லாத ஒன்றுக்கு யாரும் பரிகாரம் எழுதி வைக்க மாட்டார்கள் என்றுதான் சொல்கிறேன்.

377 கப்பலும் ஏறியது. மலேயா, சிங்கப்பூர், பர்மா என்று ஆங்கிலேயர் ஆண்ட பல இடங்களுக்குப் போனது. சிங்கப்பூரில் 1938இல் 377ஏ என்று வால் வேறு முளைத்தது. அதை 2022இல்தான் அந்நாட்டு நாடாளுமன்றம் நீக்கியது. மலேசியாவிலும் மியான்மரிலும் 377 இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமிலும் கம்போடியாவிலும் இப்படி ஒரு சட்டம் இல்லை. வரைபடத்தை விரித்துவைத்துப் பாருங்கள், புரியும்.

ஊட்டிவிட்டவர்களும் தப்பவில்லை. ஆலன் டூரிங் பெயர் கணினி படித்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டை உடைத்ததில் பெரும் பங்கு அவருடையது. அவருடைய அம்மா பிறந்தது நம் போத்தனூரில்! தாத்தா மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர், அப்பா மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. போத்தனூர் ஜங்ஷனில் எத்தனை முறை வண்டி மாறியிருப்பேன், ஓய்வு பெற்ற பிறகுதான் இது தெரிந்தது. ஓர் ஆணோடு உறவு வைத்திருந்தார் என்று 1952இல் டூரிங்குக்குத் தண்டனை. சிறையா, ஹார்மோன் ஊசியா என்றார்கள். ஊசி என்றார். 1954இல் இறந்தபோது வயது 41. அரச மன்னிப்பு வந்தது 2013இல்.

இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தியது. நாம் அவர்கள் விட்டுப்போன பிரிவை அதற்குப் பிறகும் 51 ஆண்டுகள் காப்பாற்றினோம். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது, 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயதுவந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்றார்கள். இவர்களிடம் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். வரலாறு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். பிறகுதான் தீர்ப்பு. இவர்களை 'மாற்றுகிறேன்' என்று மருத்துவம் செய்வதையும் தடை செய்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் வகுப்பெடுத்தேன். மெக்காலேயைப் பற்றி எத்தனை மணி நேரம் பேசியிருப்பேன்! 377 என்ற எண்ணை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. ஒரு வகுப்பில் ஒரு பையனின் நடையைக் கேலி செய்து பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை எவனோ சத்தமாகச் சொன்னபோது நானும் சிரித்தேன். மறுநாள் அவன் கடைசி பெஞ்சுக்குப் போனான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வகுப்பில் இருந்த சிலர் இதைப் படிப்பீர்கள். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள்.

போன் செய்த மாணவனுக்கு நேற்று இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். போத்தனூர் வந்த இடத்தில் "நிஜமாவா சார்?" என்று சிரித்தான். முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வருஷமெல்லாம் டெஸ்ட்ல கேப்பீங்களா சார்?" என்றான்.