இரவு வியர்வை: டி.பி.யா, மெனோபாஸா? எச்.ஐ.வி-யுடன் 45 வயதைத் தாண்டும் பெண்கள் சந்திக்கும் குழப்பம்

ஏ.ஆர்.டி. எனப்படும் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை இந்திய அரசு தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ம் தேதி. அப்போது நாடு முழுக்க வெறும் 8 அரசு மருத்துவமனைகள். சென்னையை ஒட்டிய தாம்பரம் அதில் ஒன்று. அந்த வருஷம், 25 வயதில் முதல் மாத்திரையை வாங்கிய ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று அவருக்கு 46 வயதுக்கு மேல். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயதும் கிட்டத்தட்ட அதுதான்: 46, 47.

அதாவது, மாத்திரை வேலை செய்திருக்கிறது. 'இன்னும் சில வருஷம்தான்' என்று கைவிடப்பட்டவர்கள் மெனோபாஸ் வரைக்கும் வந்துட்டாங்க. ஆனால் அந்தக் கட்டத்தில் அவர்களைப் பார்க்க வேண்டிய இரண்டு டாக்டர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது அபூர்வம்.

முதலில் எண்ணிக்கை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் எச்.ஐ.வி-யுடன் வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அதில் பெண்கள் சுமார் 44 சதவீதம், ஏறக்குறைய 11 லட்சம். இவர்களில் மெனோபாஸ் கட்டத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்? நாம் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் அட்டவணைகளில் விடை இல்லை. செய்திகளில் வரும் 0.20 சதவீதம் என்ற பரவல் விகிதம் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கானது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண்களிடம் கேள்வி கேட்பதும் அதே 15–49 வயதுக்குள்தான். எச்.ஐ.வி கண்காணிப்புக்கு ரத்தம் எடுக்கப்படும் முக்கியக் குழுக்களில் ஒன்று கர்ப்பிணிகள். ஆக, பிள்ளை பெறும் வயது முடிந்ததும் பெண்கள் எக்செல் ஷீட்டிலிருந்தே மறைஞ்சு போயிடறாங்க. டேட்டாவோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்தல்.

எச்.ஐ.வி இருந்தால் மெனோபாஸ் சீக்கிரம் வருமா? ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. குறைந்த உடல் எடை, புகைபிடித்தல், சிகிச்சை தாமதமானதால் குறைந்துபோன எதிர்ப்புசக்தி என எல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்புகின்றன. வயதைவிட முக்கியமான விஷயம், அறிகுறிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது.

ஒரே வியர்வை, இரண்டு காரணம்

ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்பது விதி: இருமல் இருக்கா, காய்ச்சல் இருக்கா, எடை குறைஞ்சிருக்கா, ராத்திரி வியர்க்குதா? நான்கும் காசநோய்க்கானவை. எச்.ஐ.வி உள்ளவர்களின் மரணத்துக்கு டி.பி. இன்றும் முக்கியக் காரணம் என்பதால், அவசியமான கேள்விகள்.

ஆனால் மெனோபாஸிலும் ராத்திரி நைட்டி நனைகிற அளவுக்கு வியர்க்கும். 'ஆமா' என்று சொன்னால் டி.பி. பரிசோதனை; அது சரிதான். ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்ததும் 'ஒண்ணும் இல்லம்மா, போங்க' என்று முடிந்துவிட்டால்? தூக்கமில்லாத இரவுகள் அப்படியே தொடரும். இதைவிட ஆபத்தானது எதிர்த் தவறு: 'இந்த வயசுல இப்படித்தான் இருக்கும்' என்று வீட்டிலேயே முடிவுகட்டி, நிஜமான டி.பி-யை விட்டுவிடுவது. மெனோபாஸ் சூடு பொதுவாக மார்பிலும் முகத்திலும் திடீரென ஏறி, சில நிமிடங்களில் அடங்கும்; பகலிலும் வரும். வியர்வையோடு இருமல், காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் டி.பி. பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

மாதவிடாய் தள்ளிப்போவதும் அப்படித்தான். கர்ப்பமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், எடை குறைந்ததால் இருக்கலாம். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். அதன்பிறகு மறுபடி ரத்தம் பட்டால், கொஞ்சமாக இருந்தாலும், உடனே மகளிர் டாக்டரிடம் போக வேண்டும். எச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைவிட 6 மடங்கு என்கிறது உலக சுகாதார அமைப்பு.

மறதி, எரிச்சல், மனச்சோர்வு? வைரஸா, ஹார்மோனா, வாழ்க்கையா என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் விளைவு தெளிவு. பிரிட்டனில் 45 முதல் 60 வயது வரையான 869 பெண்களிடம் நடந்த 'பிரைம்' ஆய்வில், மெனோபாஸ் தொந்தரவு கடுமையாக இருந்தவர்கள் எச்.ஐ.வி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதும் குறைந்திருந்தது. மாத்திரை விட்டுப்போனால் வைரஸ் திரும்பத் தலைதூக்கும். இருபது வருஷமாகக் கட்டிக் காத்தது இங்கேதான் சரியும்.

கால்சியம் மாத்திரையில் ஒரு சிக்கல்

மெனோபாஸுக்குப் பிறகு எலும்பு வேகமாகத் தேயும். இந்தியாவில் இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தரப்படும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகள் உள்ளன. இதில் டெனோஃபோவிரும் எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும். ரெண்டும் சேரும்போது கால்சியம் எழுதித் தருவது இயல்பு. இங்கேதான் கவனம் வேணும்: வெறும் வயிற்றில் கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ கூடவே போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. எச்.ஐ.வி மாத்திரையை 2 மணி நேரம் முன்னாடி அல்லது 6 மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். அலுமினியம், மக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்துக்கு இந்தச் சாப்பாட்டுச் சலுகையும் கிடையாது, இடைவெளி கட்டாயம்.

டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எடையைக் கூட்டும். மெனோபாஸும் அதையே செய்யும். ராத்திரி வேளையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. தானாக நிறுத்துவதுதான் தப்பு.

இதயத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையான 7,769 பேரிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. பிட்டாவாஸ்டாடின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன.

ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா?

எச்.ஐ.வி இருப்பது மட்டுமே அதற்குத் தடை இல்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்ற தடைகள் எல்லாப் பெண்களுக்கும் உள்ளவையே. ஆனால் எஃபாவிரென்ஸ் போன்ற சில எச்.ஐ.வி மருந்துகள் ஹார்மோனின் அளவைக் குறைக்கும். டோலுடெக்ராவிரில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. எனவே எந்த மாத்திரை ஓடுகிறது என்பது மகளிர் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். சொல்லப் பயந்து பலர் சொல்வதில்லை; காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டப்படி, எச்.ஐ.வி-யைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது.

சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மருந்துப் பெயர் வாயில் நுழையலைன்னா, மகளிர் டாக்டரிடம் போகும்போது மாத்திரை டப்பாவையே பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க.