இலங்கைப் பெண்களின் வாக்குரிமையும் ஆண்களின் ஐயமும் (1927–1932)

இலங்கையின் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழுக் காலத்தில், பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தோருள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் குறிப்பிடத்தக்கவர். பெண்கல்விக்கு அவர் பகைவர் அல்லர். 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவர். பெண் கற்பதை வரவேற்ற அவர், அவள் அரசியலில் முடிவெடுப்பது இல்லற இணக்கத்தைக் குலைக்கும் என அஞ்சினார். எல்லா ஆண்களுக்கும் வாக்களிப்பதையும் அவர் ஏற்கவில்லை. ஆகவே, பெண்கள்மீது கொண்ட ஐயம் எளியோர்மீது கொண்ட ஐயத்தோடு பிணைந்திருந்தது.

இப்பிணைப்பு எதிர்த்தரப்பிலும் காணப்பட்டது. 1927 டிசம்பரில் கொழும்பில் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் முதலில் குறிப்பிட்ட தகுதியுடைய பெண்களுக்கே வாக்குக் கோரியது. தோட்டத் தொழிலாளரான இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் அது வேண்டுமா என ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்களே என்னும் கருத்தில் அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். கோரிக்கையின் எல்லையை விரித்தது அவ்விடையே.

எனினும், ஆண்களுக்கு 21 வயதையும் பெண்களுக்கு 30 வயதையும் ஆணைக்குழு பரிந்துரைத்தது. அந்த ஒன்பதாண்டு இடைவெளி, பெண்களின் தீர்ப்பாற்றல்மீது எஞ்சிய ஐயத்தின் அளவு எனலாம். 1931இல் இருபாலார்க்கும் 21 வயதே நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு, கொழும்பு வடக்கு வாக்காளர் நேசம் சரவணமுத்துவை அரசாங்க சபைக்குத் தேர்ந்தனர். ஆண்களின் ஐயம் தீர்ந்தபின் சட்டம் மாறவில்லை. அது நீடித்திருக்கையிலேயே மாறிற்று.