ஒரு சாலையின் எச்சமும் ஒரு குளக்கரையும்

வேடந்தாங்கலில் உடலை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டி நீந்தும் பாம்புத்தாராவைக் கண்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. அதன் அமெரிக்க உறவுப் பறவையின் பெயர் அன்ஹிங்கா. ஃபிளாரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் இப்பறவையின் பெயரைத் தாங்கிய சிறு நடைபாதை ஒன்று உள்ளது. போய்த் திரும்பும் தொலைவு 0.8 மைல்தான். குளம்போல் தேங்கிய நன்னீரை ஒட்டித் தளமிட்ட பாதையாகத் தொடங்கி, சதுப்பின்மேல் மரப்பலகைப் பாலமாக அது வளைந்து செல்கிறது. முதலைகள் வெயில் காயும் கரையை, சிறகு விரித்து ஈரம் உலர்த்தும் அன்ஹிங்காக்களை, சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரும் கைக்கெட்டும் அண்மையில் காணலாம்.

இயற்கையின் நடுவே இவ்வளவு சமமான தரை எப்படி வந்தது? விடை சற்று விசித்திரமானது. பாதையின் ஒரு பகுதி இங்க்ரஹாம் நெடுஞ்சாலை என்ற பழைய சாலையின் எச்சம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எவர்கிளேட்ஸ் என்பது பலருக்கும் வடித்து உலர்த்தி விற்கவேண்டிய வெறும் சேற்றுநிலம். அருகிலேயே சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி எடுத்து, நீர்மட்டத்துக்கு மேலே மேடாக்கி, சாலைகள் போடப்பட்டன. இந்தச் சாலை 1922இல் தென்கோடியிலுள்ள ஃபிளமிங்கோ வரை எட்டியது. நிலத்தை விழுங்க வந்த சாலை, பின்னாளில் நிலத்தைக் காட்டும் பாதையாயிற்று.

இடையில் நிகழ்ந்ததுதான் வரலாறு. தொப்பிகளுக்கான இறகு வணிகம் அங்கே கொக்குகளை அழித்துக்கொண்டிருந்தது. பறவைக் காவலர் கை பிராட்லி 1905இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு, ஃபிளாரிடா மகளிர் மன்றங்களின் கூட்டமைப்பு மே மான் ஜென்னிங்ஸின் தலைமையில் போராடி, இவ்விடத்தில் ராயல் பாம் மாநிலப் பூங்காவை 1916 நவம்பரில் திறந்துவைத்தது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை 1920இல்தான் வந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். வாக்களிக்க இயலாதவர்கள் ஒரு பொதுவெளியை உருவாக்கினார்கள். அந்த விதையிலிருந்தே தேசியப் பூங்கா வளர்ந்தது. 1947 டிசம்பர் 6ஆம் நாள் அதிபர் ட்ரூமன் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

ஆனால் ‘பொது’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர்? பொதுக் கட்டடங்களின் தடைகளை நீக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968இல் வந்தது. அரசு நிதி பெறும் திட்டங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் 504ஆம் பிரிவு 1973இல் இயற்றப்பட்டும் விதிமுறைகள் இல்லாமல் கிடந்தது. 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் சான் ஃபிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்தில் வாரக்கணக்கில் அமர்ந்து அவ்விதிகளில் கையெழுத்து வாங்கினர். 1990 மார்ச்சில், வாஷிங்டன் நாடாளுமன்றப் படிகளில் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, கைகளால் ஊர்ந்து ஏறினர். அவ்வாண்டு ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பிறந்தது. கூட்டாட்சி நிலங்களிலுள்ள நடைபாதைகளுக்கென்று தனி அளவுகள் வரையறுக்கப்பட 2013 வரை காத்திருக்க நேர்ந்தது: குறைந்தது 36 அங்குல அகலம், அழுந்தாத உறுதியான தரை, இருபது அடிக்கு ஓரடி உயரும் சரிவு எவ்வளவு தூரமும் இருக்கலாம், அதைவிடச் செங்குத்தானால் இடையிடையே இளைப்பாறும் இடம்.

இதற்கு ஒரு மறுப்புண்டு. எல்லா இடத்திற்கும் பாதை போட்டால் காடு காடாக இருக்குமா என்று கேட்பார்கள். அக்கறையுடன் எழும் கேள்விதான். 1990ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு விடை வைத்திருக்கிறது. காப்பு வனாந்தரங்களுக்குள் சக்கர நாற்காலிக்குத் தடையில்லை. ஆனால் அதற்காக நிலத்தைத் திருத்தவேண்டிய கட்டாயமும் இல்லை. எவர்கிளேட்ஸில் ஏறத்தாழ 13 லட்சம் ஏக்கர் வனாந்தரம் அப்படியே கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு மைலுக்கும் குறைந்த பாதை அதை எவ்வளவு குறைத்துவிடும்?

அவ்வனாந்தரத்துக்கு 1997இல் மார்ஜோரி ஸ்டோன்மன் டக்ளஸ் என்ற எழுத்தாளரின் பெயர் சூட்டப்பட்டது. பூங்கா திறக்கப்பட்ட அதே 1947இல், எவர்கிளேட்ஸ் சேற்றுநிலம் அல்ல, புல்லின் ஊடே மெல்ல நகரும் ஆறு என்று தம் நூலால் உலகுக்கு உணர்த்தியவர். தாம் அந்தச் சதுப்பினுள் அதிகம் அலைந்ததில்லை என்பதை அவர் ஒளித்ததில்லை. பார்வை முற்றிலும் மங்கிய முதுமையிலும் அதற்காக வாதாடினார். 1998இல் தமது 108ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு நிலத்தின்மேல் அன்புகொள்ளக் காலின் வலிமையோ கண்ணின் கூர்மையோ நிபந்தனையல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. ஆயினும் குளக்கரையில் சற்று நேரம் இருக்க ஒருவர் விரும்பினால் வழி இருக்கவேண்டும். அந்தப் பழைய சாலையின் எச்சம் இன்று செய்துகொண்டிருப்பது அதைத்தான்.