மதீனாவின் சகோதரத்துவமும் திருப்பித் தரப்பட்ட பேரீச்ச மரங்களும்

கி.பி. 622இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தோரிற் பலர் வீட்டையும் பொருளையும் விட்டு வந்தவர்கள். குலமே ஒருவரின் உயிருக்குக் காப்பாயிருந்த அரேபியச் சமூகத்தில், குலத்தைப் பிரிந்தவர் இருமடங்கு ஏதிலியானார். அடைக்கலம் தந்த ஊரிலும் அமைதி நிலைத்திருக்கவில்லை. அவ்ஸ், கஸ்ரஜ் குலங்கள் புஆஸ் போரில் மோதிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இச்சூழலில் நபிகள் நாயகம் செய்த ஏற்பாடே 'முஆகாத்'. புலம்பெயர்ந்த முஹாஜிர் ஒருவரும் ஊரவரான அன்ஸாரி ஒருவரும் பெயர் குறித்துச் சகோதரர்களாகப் பிணைக்கப்பட்டனர். தொடக்கத்தில் ஒருவருக்கொருவர் வாரிசாகும் உரிமையும் இதில் அடங்கியிருந்தது.

ஸஅத் இப்னு ரபீஉ தம் செல்வத்திற் பாதியைத் தர முன்வந்தபோது, அவருடன் பிணைக்கப்பட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவரை வாழ்த்திவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார். அன்ஸார்கள் தம் பேரீச்சந்தோப்புகளையே பங்கிட்டுத் தர விழைந்தனர். நபிகள் நாயகம் அதை ஏற்கவில்லை. முஹாஜிர்கள் தோப்பில் உழைப்பது, விளைச்சலை இருவரும் பகிர்வது என்று முடிவாயிற்று. கொடுப்பவரின் உடைமையும் பெறுபவரின் தன்மானமும் ஒருங்கே காக்கப்பட்டன.

தேவை தீர்ந்தபின் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. வாரிசுரிமை மீண்டும் இரத்த உறவினருக்கே உரியதாயிற்று. 628இல் கைபர் போருக்குப் பின், முஹாஜிர்கள் தாம் பெற்றிருந்த மரங்களை அன்ஸார்களிடமே திருப்பித் தந்தனர். உம்மு ஸுலைம் அளித்திருந்த மரங்களை நபிகள் நாயகம் அவரிடமே சேர்ப்பித்து, அவற்றின் பயனை நுகர்ந்துவந்த உம்மு ஐமனுக்குத் தம் தோட்டத்திலிருந்து ஈடு வழங்கினார்.

இவ்வேற்பாடு வேற்றுமைகளை முற்றாகக் கரைத்துவிடவில்லை. 632இல் நபிகள் நாயகம் மறைந்ததும், தலைமை எவருக்கு என்ற கேள்வியில் முஹாஜிர், அன்ஸார் என்னும் பிரிவு ஸகீஃபாவில் மீண்டும் தலைதூக்கியது. எனினும் அது காட்டிய நெறி தெளிவானது: சகோதரத்துவம் நிலைக்க நல்லெண்ணம் மட்டும் போதாது, யார் யாருக்கு என்ன கடமைப்பட்டவர் என்ற வரையறையும் வேண்டும்.

இந்திய அரசியலமைப்பின் முகவுரையிலும் சகோதரத்துவம் இடம்பெற்றுள்ளது. சுதந்திரம், சமத்துவம் ஆகியவற்றிலிருந்து அதைப் பிரிக்கவியலாது என 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் வலியுறுத்தினார். பிழைப்புத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளரை 'சகோதரர்' என்றழைப்பது எளிது. அவருக்கு உரிய கூலியும் உறைவிடமும் எவர் பொறுப்பு என்று வரையறுக்கும்போதே அச்சொல் பொருள் பெறுகிறது.