புழுங்கலரிசியும் கொக்கிப்புழுவும்

சிரம்பானிலிருந்து தம்பின் போகும் ரயில் பாதையில், ரெம்பாவுக்கு முந்தைய நிலையம் சுங்கை காடுட். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் பலருக்கும் துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கோ அது பால்மரக் காடு, லயத்து வீடு, சம்பள நாளில் பிடித்துக்கொள்ளும் அரிசிக் கணக்கு. அவர்கள் சொல்லும் தோட்டக் கதைகளில் துரை வருவார், கங்காணி வருவார். சாப்பாடு மட்டும் அதிகம் வராது. “பெருசா என்னாத்த தின்னோம், சோறும் கருவாடும்தான்” என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. தேடிப் படிக்கப் படிக்க, அந்தச் சோற்றுக்குள் மருத்துவ வரலாற்றின் ஓர் அத்தியாயமே இருப்பது தெரிந்தது. அதன் முக்கியமான பக்கங்கள் நெகிரி செம்பிலானில் எழுதப்பட்டவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய் பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தொற்று என்றார்கள், குடிசையின் ஈரம் என்றார்கள், இனத்தின் உடல்வாகு என்றார்கள். நெகிரி செம்பிலானின் அரசாங்க மருத்துவராக இருந்த டபிள்யூ. லியோனார்ட் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். அதே மழையிலும் அதே கொசுக்கடியிலும் கிடந்த தமிழர்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய வரவேயில்லை. வித்தியாசம் பானையில் இருந்தது. சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. வீட்டிலேயே குத்திய அரிசியை அவ்வப்போது சமைத்துச் சாப்பிட்ட கம்பத்து மலாய்க்காரர்களும் பெரும்பாலும் தப்பினார்கள். 1907-இல் பிராடன் இதைப் புத்தகமாக வெளியிட்டார். பழைய பச்சரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்ற அவருடைய விளக்கம் தவறு. ஆனால் அவர் கைகாட்டிய இடம் சரி.

கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் 1905 டிசம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி ஒன்றுவிட்டு ஒருவராகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மறுபக்கம் அந்த நோயால் யாரும் சாகவில்லை. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ வழியில்லாத மனிதர்களின் உடலில் எழுதப்பட்ட உண்மை அது.

1907-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டான்டனும் மீண்டும் நெகிரி செம்பிலானுக்கே வந்தார்கள். ஜெலுபு மாவட்டத்தில் டுரியான் திப்புஸ் என்ற இடத்தில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களைப் பிரித்து அதே மாதிரி உணவு கொடுத்தார்கள். சில மாதங்களில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் வந்தது. புழுங்கலரிசிக்கு மாற்றியதும் நின்றது.

கதை இங்கேதான் தாது உப்புக்குள் நுழைகிறது. அரிசியைத் தீட்டும்போது எது போகிறது என்று ஃபிரேசரும் ஸ்டான்டனும் ரசாயனமாகத் தேடினார்கள். கையில் சிக்கியது பாஸ்பரஸ். தவிட்டோடு அது குறையக் குறைய அரிசி ஆபத்தானது. பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த அரிசியை நம்பாதே என்று ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஆனால் பாஸ்பரஸைத் தனியாகக் கொடுத்தால் நோய் தீரவில்லை. அது சாட்சி மட்டும்தான். தவிட்டோடு சேர்ந்து போன இன்னொரு பொருளுக்குப் பின்னாளில் தயமின், அதாவது வைட்டமின் பி1, என்று பெயர் வந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு உமியும் தவிடும் போனாலும் ஒரு பங்கு தங்கிவிடும்.

இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் பெருமை வரும். நம்ம பாட்டிமார்களுக்கு அப்பவே தெரியும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மருந்தென்று நினைத்து யாரும் நெல்லை அவிக்கவில்லை. அரிசி நொறுங்காது, சீக்கிரம் கெடாது, உழைக்கிற வயிற்றில் நிற்கும் என்றுதான் அவித்தார்கள். 1942-இல் ஜப்பானியர் வந்து பர்மா அரிசி நின்றபோது அந்தக் காவலும் போனது. மரவள்ளிக்கிழங்கே சோறானது. சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத்துத் தமிழர்களை மலேரியாவோடும் வாந்திபேதியோடும் பெரிபெரியும் தின்றது. தமிழன் தப்பித்தது இனத்தால் அல்ல, அரிசியால் என்பதற்கு இதைவிடக் கொடூரமான நிரூபணம் வேண்டியதில்லை.

பெருமையை அடக்கிக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. பெரிபெரியிலிருந்து தப்பிய அதே உடலிலிருந்து இரும்புச்சத்து ஒழுகிக்கொண்டிருந்தது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அமைப்பின் கொக்கிப்புழு ஆய்வுக்குழு, பனாமா கால்வாயில் பணியாற்றிய சாமுவேல் டார்லிங் தலைமையில், மலாயாவிலும் ஜாவாவிலும் பீஜியிலும் வேலை செய்தது. மலாயாவில் அவர்கள் பார்த்தவர்களில் தோட்டத்துத் தமிழர்களும் இருந்தார்கள். புழுவை மருந்து கொடுத்து வெளியேற்றி எண்ணினார்கள், ரத்தத்தின் சிவப்பை அளந்தார்கள். கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிப்பது. ஒரு புழு குடிப்பது துளிக்கும் குறைவு. நூறு புழு, நாள்தோறும், வருடக்கணக்கில் என்றால் எந்தச் சோறும் அதை ஈடுகட்டாது.

புழு எப்படி உள்ளே போகிறது? மண்ணிலிருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து. கக்கூஸ் இல்லாத லயம், பால்மர நிழலில் காயாத ஈர மண், விடியுமுன் செருப்பில்லாமல் வெட்டுக்குப் போகும் கால்: புழுவுக்கு வேண்டியதெல்லாம் தோட்டத்திலேயே இருந்தது. கூடவே மலேரியா ரத்த அணுக்களை உடைத்தது. பிள்ளைப்பேறு பெண்களிடம் மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டது. தட்டில் இருந்த கொஞ்சம் இரும்பும், சோற்றோடு குடித்த தேத்தண்ணியால் உடம்பில் சரியாக ஒட்டவில்லை. சோகை பிடித்தவருக்கு நாலு மரம் வெட்டினால் மூச்சு வாங்கும். அதைப் பார்த்து சோம்பேறி என்று பெயரெழுதுவது எந்தக் கிராணிக்கும் சுலபம்.

இந்த இரண்டு நோய்களையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரிகிறது. பெரிபெரிக்கு அரிசியை மாற்றினால் போதும். முதலாளிக்குப் பெரிய செலவில்லை. ஆள் சாகாமல் வேலை செய்வான் என்பதால் லாபமும் உண்டு. சோகைக்கு அப்படியில்லை. கக்கூஸ் கட்டணும், தண்ணி கொடுக்கணும், செருப்பு வாங்குற அளவுக்குக் கூலி கொடுக்கணும், மாசமா இருக்கிற பொம்பளைக்கு ஓய்வு கொடுக்கணும். அறிவியல் இரண்டையும் கண்டுபிடித்தது. வேகமாகத் தீர்ந்தது மலிவாகத் தீரக்கூடியது மட்டும்தான்.

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள மலேசியப் பெண்களில் பத்துக்கு மூவருக்கு ரத்தச்சோகை. தோட்டம் போய் தொழிற்பேட்டை வந்தும் நாம் கொடுக்கும் அறிவுரை என்னவோ முருங்கைக்கீரை சாப்பிடு என்பதுதான். கீரை நல்லதுதான். ஆனால் ஒரு சமூகத்தின் ரத்தம் வெளுத்திருந்தால், அவர்கள் தட்டை மட்டும் பார்த்தால் போதாது. எந்த மண்ணில் நிற்கிறார்கள், என்ன கூலி வாங்குகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சோறும் கருவாடும் என்று நம் பெரியவர்கள் சொன்னது உண்மை. அந்தச் சோற்றில் சேர்ந்த ரத்தத்தை யார் குடித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.