வாத்தும் வெங்காயத்தாளும்

சிங் பேரரசுக் காலத்துக் கவிஞர் யுவான் மெய் 1792இல் வெளியிட்ட சமையல் நூலில் சுட்ட வாத்துக்கு ஒதுக்கிய இடம் ஓரிரு வரிகள்தாம். இளம் வாத்தைக் கம்பியில் கோத்துச் சுட வேண்டும் என்கிறார், இன்ன அதிகாரியின் வீட்டுச் சமையற்காரரே இதில் தேர்ந்தவர் என்று பெயர் சொல்லிப் பாராட்டுகிறார், அத்தோடு நகர்ந்துவிடுகிறார். அந்த வாத்தை எதோடு சேர்த்து உண்பது, பக்கத்துத் தட்டில் என்ன வைப்பது என்பது பற்றிப் பேச்சே இல்லை. நான்ஜிங் நகரில் தோட்டம் அமைத்து வாழ்ந்து, உணவின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்த மனிதரின் மௌனம் இது.

இன்று பீஜிங் வாத்து என்றதும் கண்முன் வருவது வாத்து மட்டுமன்று. மெல்லிய கோதுமை அடைகள், நீளவாக்கில் கீறிய வெங்காயத்தாள், கருநிறத்தில் ஒரு சிறு கிண்ணம் இனிப்புப் பசை. இந்த மூன்றும் இல்லாமல் அந்த உணவை நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அரண்மனைப் பெருமை பேசும் உணவு ஒன்றின் பக்கத்தில் இத்தனை எளிய பொருள்கள் எப்படி வந்து அமர்ந்தன?

வாத்தின் வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மங்கோலிய அரசவையில் உணவு மருத்துவராக இருந்த ஹு ஸுஹுய் 1330இல் அளித்த நூலில் காட்டு வாத்தைச் சுடும் முறை ஒன்று உண்டு. பறவையை ஆட்டின் இரைப்பைக்குள் பொதிந்து, வயிற்றில் வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் உப்பும் திணித்துச் சுடுவது. வெங்காயத்தாள் அப்போதே வாத்துக்குத் துணையாக இருந்திருக்கிறது. ஆனால் உள்ளே, வெந்து குழைந்த நிலையில். அது வெளியே வந்து பச்சையாகத் தட்டில் ஏறியதற்கு வேறொரு காரணம் வேண்டியிருந்தது.

1421இல் மிங் பேரரசர் யோங்லெ தலைநகரை நான்ஜிங்கிலிருந்து பீஜிங்குக்கு முறைப்படி மாற்றினார். அரசவையோடு தெற்கின் வாத்துச் சமையலும் வடக்கே வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. நான்ஜிங் யாங்ட்ஸி ஆற்றங்கரை நகரம், நெல் விளையும் பூமி. அங்கே வாத்தை உப்பில் ஊறவைத்து, வேகவைத்து, ஆறவிட்டு உண்பதே பெருவழக்கு. சோறு அதற்கு இயல்பான இணை. பீஜிங் இருப்பதோ கோதுமையும் சோளமும் தினையும் விளையும் வறண்ட வடக்கில். தெற்கிலிருந்து வந்த பறவை வடக்கின் மாவோடுதான் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

அந்த மாவுக்குச் சொந்தமாக ஒரு பழக்கம் ஏற்கெனவே இருந்தது. பீஜிங்குக்குத் தெற்கே இருக்கும் ஷாண்டோங் மாகாணத்தில் உழவர்களும் கூலிக்காரர்களும் முரட்டுத் தானிய மாவில் சுட்ட மெல்லிய அடையில் பச்சை வெங்காயத்தாளை வைத்து, புளிக்கவைத்த பசையைத் தடவிச் சுருட்டிக் கடித்துத் தின்பார்கள். வேறு எதுவும் வேண்டாம், அதுவே முழு உணவு. அம்மாகாணத்தின் ஜாங்சியு வட்டாரத்து வெங்காயத்தாள் ஒரு மீட்டருக்கு மேல் வளர்வது. காரம் குறைந்தது, இனிப்பானது. பீஜிங் மக்களும் வசந்தம் தொடங்கும் நாளில் மெல்லிய அடையில் பசையும் வெங்காயத்தாளும் காய்களும் வைத்துச் சுருட்டி உண்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். சிங் காலத்தில் பீஜிங்கின் பெரிய உணவகங்களில் கோலோச்சியவர்கள் ஷாண்டோங் சமையற்காரர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆக, வாத்தைத் தேடி அடை வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அடையும் வெங்காயத்தாளும் பசையும் முன்பே ஒரு குடும்பமாக இருந்தன. அந்த வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்தது வாத்துதான். சமையல் நூல்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வதற்குக் காரணம் எளிது: கூலிக்காரரின் சாப்பாட்டைப் பற்றி எழுதிவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தச் சேர்க்கை நிலைத்ததற்குக் கொழுப்பு ஒரு முக்கியக் காரணம். பீஜிங்கில் வளர்க்கப்பட்ட வெண்ணிற வாத்துகளுக்குக் கடைசி வாரங்களில் தானிய உருண்டைகளைத் தொண்டைக்குள் திணித்து ஊட்டுவார்கள். (கொடுமையான வழக்கம்தான், அதைப் பாரம்பரியம் என்று சொல்லிப் பூசி மெழுக வேண்டியதில்லை.) தோலுக்கடியில் கொழுப்பு கெட்டியாகத் திரளும். சுடுவதற்கு முன் தோலுக்கும் தசைக்கும் இடையே காற்றை ஊதிப் பிரிப்பார்கள். கொதிநீர் ஊற்றித் தோலை இறுக்கி, மால்ட் சர்க்கரை நீர் பூசிக் காயவிடுவார்கள். வயிற்றுக்குள் நீர் நிரப்பி அடுப்பில் தொங்கவிட்டால் வெளியே சுடும்போதே உள்ளே வேகும். 1864இல் யாங் சுவான்ரன் தொடங்கிய சுவான்ஜூட கடையின் முறை இது: திறந்த வாயுடைய அடுப்பு, இலந்தை, பேரி போன்ற பழமரங்களின் விறகு. அதற்கு மூத்த பியன்யிஃபாங் கடையின் முறை வேறு. அடுப்பின் சுவர்களை முதலில் சூடேற்றி, தீயைத் தணித்து, மூடிய அடுப்பின் வெக்கையிலேயே வாத்தை வேகவிடுவது. இரண்டிலும் மொறுமொறுத்த தோலும் அதன்கீழ் உருகிய கொழுப்பும் கிடைக்கும்.

யுவான் மெய் தம் நூலின் தொடக்கத்தில் பொருத்தம் பற்றி ஒரு விதி சொல்கிறார்: மென்மையானதோடு மென்மையானது, அழுத்தமானதோடு அழுத்தமானது. பீஜிங் தட்டு இந்த விதிக்கு அடங்குவதில்லை. கொழுப்புக்கு எதிராகப் பச்சை வெங்காயத்தாளின் உறைப்பு, உப்பும் இனிப்புமான பசை, இரண்டையும் தாங்க எந்தச் சுவையும் தனியாகக் காட்டாத அடை. இந்த விஷயத்தில் பெருங்கவிஞரைவிட ஷாண்டோங் கூலிக்காரருக்கு நாக்கு கூர்மை என்றே சொல்வேன். அடை செய்வதும் ஒரு சாமர்த்தியம்: இரண்டு மாவுருண்டைகளுக்கு நடுவே எண்ணெய் தடவி ஒன்றாகத் தேய்த்து, எண்ணெயின்றிக் கல்லில் சுட்டு, பிறகு இரண்டாகப் பிரிப்பார்கள். ஒற்றையாகத் தேய்த்தால் அத்தனை மெல்லிசு வராது.

வேறு துணைகளும் உண்டு. பூண்டை நசுக்கிச் சோயாக் குழம்பில் கலந்து, முள்ளங்கிக் கீற்றோடு உண்பது ஒரு மரபு. மொறுமொறுத்த தோலை வெறும் சர்க்கரையில் தொட்டு உண்பது இன்னொன்று; வெங்காய வாடையையும் பூண்டு வாடையையும் விரும்பாத பெரிய வீட்டுப் பெண்கள் தொடங்கியது என்பார்கள். வெள்ளரிக்காய் இப்போது எங்கும் வைக்கப்படுகிறது. அதில் குற்றமில்லை; ஆனால் வெள்ளரி குளிர்ச்சி தருமே தவிர, கொழுப்போடு மல்லுக்கு நிற்காது.

1971 ஜூலை 10 அன்று பீஜிங்கில் இரகசியமாக வந்திருந்த கிஸ்ஸிஞ்சரோடு சூ என்லாய் நடத்திய பேச்சு கடுமையாகிக்கொண்டிருந்தபோது, வாத்து ஆறிவிடும், முதலில் சாப்பிடுவோம் என்று சூ நிறுத்திவைத்தார் என்பதைக் கிஸ்ஸிஞ்சரே தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த மேசையில் யார் யாருக்கு அடை சுருட்டிக் கொடுத்தார்கள் என்பதை அரசியல் வரலாறு பதிவு செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிரிட்டனின் சீன உணவகங்களில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அங்கே பெரும்பாலும் பரிமாறப்படுவது சுட்ட வாத்தே அன்று. மசாலாப் பொருள்களோடு ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்து, மேசையில் முள்கரண்டியால் பிய்த்துத் தருவது. பசையும் மாறிவிட்டது, தென்சீனத்து ஹோய்சின் வந்துவிட்டது. அடையும் வெங்காயத்தாளும் மட்டும் மாறவில்லை. வந்த விருந்தாளி வேறு ஆள், வீடு பழைய வீடு.

பக்கத் தட்டைப் பற்றி மனம்விட்டு எழுதியவர் லியாங் ஷிச்சியு. ஷேக்ஸ்பியரின் படைப்புகள் முழுவதையும் தனியொருவராகச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர். 1903இல் பீஜிங்கில் பிறந்து, 1949இல் தைவான் சேர்ந்து, 1987இல் அங்கேயே மறைந்தவர். பிறந்த ஊரை மீண்டும் காணவில்லை. முதுமையில் அவர் எழுதிய உணவுக் கட்டுரைகளில் வாத்துக்கும் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பீஜிங்கில் வாத்து வாங்கினால், வடிந்த கொழுப்பு ஒரு கிண்ணமும் இறைச்சி சீவிய எலும்புக்கூடும் கூடவே வரும் என்று நினைவுகூர்கிறார். கொழுப்பை ஊற்றி முட்டையை ஆவியில் அவிக்கலாம். எலும்பை முட்டைக்கோசோடு கொதிக்கவைக்கலாம். ஆனால் உணவகத்தில் தரும் அந்தச் சாறு நீர்த்துப்போனது, சப்பென்றிருக்கும் என்று முகம் சுளிக்கிறார். சாப்பிடத் தெரிந்தவர் எலும்பை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமாம். அதைக் கொதிக்கவைத்து, வடக்குப் புல்வெளியின் கோமோ காளானைச் சேர்த்து (வேறு எந்தக் காளானும் உதவாது என்பதில் கறாராக இருக்கிறார்), கெட்டியான குழம்பாக்கி, சிச்சுவான் மிளகு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி மேலே விட்டு, நூடுல்ஸில் ஊற்றி உண்ண வேண்டும்.